ரெனே வாசலில் நின்று வாசித்த மத்தியானம்

இந்த ஜேர்மன் நாட்டு அரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. மேடையேறப் போகிறவரின் தோளுக்கு மேலாக 'தொய் தொய் தொய்' என்று துப்புவதுபோல் சொல்லி வாழ்த்துவார்கள். பதிலுக்கு நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் வாழ்த்துக் கெட்டுவிடுமாம். ஹம்பேர்க்கில் ஒரு சிறிய கேளிக்கை அரங்கில் விளக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னை அப்படி வாழ்த்தியவரிடம் பணிவாக 'டாங்க' என்று ஜேர்மனில் நன்றி சொன்னேன். எல்லா முகங்களும் இறுகின. ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் வந்த புதுசிலை இதைத்தான் சொன்னனான்," என்றார். அவர்தான் ரெனே. பிரெஞ்சுக்காரர். அவர் பேசும் ஜேர்மனை என் ஊர்த் தமிழில்தான் எனக்கு எழுத வருகிறது.

இளவயதில் பாரிஸின் நிலவறைக் கிளப்புகளில் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு உல்லாசக் கப்பல். அங்கே பாடகருக்குச் சுகமில்லாமல் போன ஒரு நாள் பாடினார். அடுத்த பயணத்தில் பகிடி விட்டுச் சிரிக்கவும் வைத்தார். சர்க்கஸில் கோமாளிகளுக்குத் தாளம் போட்டார். ஜேர்மன் தொலைக்காட்சியில் பிள்ளைகளுக்காகச் சட்டி பானைகளைத் தட்டினார். வேலை இல்லாத குளிர்காலங்களில் கடைத்தொகுதியில் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக நத்தார் தாத்தாவாகவும் நின்றிருக்கிறார். "ஜாஸ்காரர் என்னைக் கோமாளி எண்டுவினம், கோமாளியள் டிரம்மர் எண்டுவினம்," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

போன மாரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் ரெனேயின் தனி நிகழ்ச்சி. அரங்கு நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் நின்ற எனக்கு வயர் கருகும் மணம் வந்தது. திரும்பிப் பார்த்தபோது பின்திரையின் மறுபக்கத்தில் நெருப்பு ஏறிக்கொண்டிருந்தது. தீயணைப்புக் கருவியை அடித்தேன், அடங்கவில்லை. சக வேலையாள் ஒருத்தி தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள். கூட்டத்தை வெளியேற்றுவது என் பொறுப்பு.

கூட்டம் ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், ஊரில் கோயில் திருவிழாவில் இசைக்கோஷ்டி நடந்துகொண்டிருக்கையில் குண்டு போட வரும் ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். இருட்டில் ஒருவர் "ஓடுங்கோ!" என்று கத்தினார். அந்த நெரிசலில் என் தங்கையின் கை முறிந்தது. ஹெலி சும்மா கடந்து போய்விட்டது, குண்டு விழவேயில்லை.

அதெல்லாம் தெரிந்தும் நான் மேடைக்கு ஓடி அதையேதான் செய்தேன். பயிற்சியில் மனனம் செய்த ஜேர்மன் வசனங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. "நெருப்பு! எல்லாரும் வெளியிலை போங்கோ!" என்று தமிழில் கத்தினேன். சபை கைதட்டிச் சிரித்தது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ரெனே மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரைப்பக்கம் பார்த்தார். வாசிப்பை நிறுத்தாமலே கேட்டார்:

"எந்தக் கதவு?"

முன்கதவைக் காட்டினேன்.

சிறிய டிரம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு சபைக்குள் இறங்கினார். "இந்தக் கதிரையள் என்னைவிடக் கிழடு. மிச்சத்தை ரோட்டிலை வாசிப்பம். ஒவ்வொரு வரிசையா எனக்குப் பின்னாலை வாங்கோ!" என்றார். அணிவகுப்புத் தாளம் ஒன்றைத் தொடங்கினார். சிரித்தபடியே வரிசை வரிசையாக எழுந்து நடந்தார்கள். நான் கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரைக்குக் கீழே புகை இறங்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. ஒரு பெண் வீறிட்டாள். ரெனே தாளத்தை விரைவுபடுத்தவில்லை.

கடைசியாக மேல்மாடப் படியில் ஊன்றுகோலோடு ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். "ரெனே, நீங்கள் போங்கோ, நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றேன். அவர் அசையவில்லை. வாசலில் இருமிக்கொண்டே, அந்த மனிதரின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டாக வாசித்தார். நான் ஏறிப்போய் அவருக்குத் தோள் கொடுத்தேன். மூவரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம்.

தெருவில் மழை தூறியது. உள்ளே அவருடைய டிரம்ஸ் முழுவதும் போய்விட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடு. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை," என்றார். தோளில் கிடந்த சிறிய டிரம்மை அப்போதுதான் கழற்றிக் கீழே வைத்தார்.

தீயணைப்பு வீரன் ஒருவன் ஓடிவந்து, மேடை ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா, எத்தனை பேர் என்று கேட்டான். ரெனே நடைபாதையில் நின்றவர்களை விரல் நீட்டிப் பிரெஞ்சில் எண்ணினார். நான் 'ஒண்டு, ரெண்டு' என்று எண்ணினேன். பிறகு இருவரும் ஒரே எண்ணை ஜேர்மனில் சொன்னோம்.

"உங்களையும் சேர்த்தோ?" என்றான் அவன்.

ஒருவரையொருவர் பார்த்தோம். இருவருமே தத்தமது தலையை எண்ணாமல் விட்டுவிட்டிருந்தோம். மழைக்குள் நின்றபடி, அவர் தன் மொழியிலும் நான் என் மொழியிலும், திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.