அண்ணன் கொடுத்த அறை

பாபினக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. திரைச்சீலை தைப்பவர். உட்கார்ந்தால் தையல் மெஷினின் பாபினில் நூல் தீர்ந்தால்தான் நிமிர்வார். கணவர் விட்டுவிட்டுப் போனபோது, தச்சு வேலை பார்க்கும் அண்ணன்தான் தன் வீட்டில் தரைக்குக் கீழே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். “சத்தம் கேக்காது, வெயில் படாது. உனக்குன்னே கட்டின மாதிரி இருக்கு” என்றார். தங்கைக்காக அங்கிருந்த பட்டறையையே பின்பக்கக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போன அண்ணன்! வருவோர் போவோரிடமெல்லாம் பாபினக்கா இதைச் சொல்வார்.

பாறைமேல் எழும்பிய தெரு அது. வீட்டுக் காற்றை அளக்கச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து சிறிய டப்பா ஒன்றை அறையில் வைத்துவிட்டுப் போனாள். சில மாதம் கழித்து முடிவோடு வந்தவள், உட்காரக்கூட இல்லை.

“அக்கா, மேல வாங்க. வாசல்ல நின்னு பேசலாம்.”

“என்னம்மா, காத்துல அப்படி என்ன இருக்கு?”

“பாறையில ரேடியம் இருக்குக்கா. அதோட அணுக்கரு ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரானைச் சேத்து வெளிய தள்ளும். அதான் ஆல்ஃபா. ரெண்டு புரோட்டான் போயிட்டா அது ரேடியம் இல்ல, ரேடான்ங்கற வாயு. விரிசல் வழியா மேல வந்துடும். நீங்க மூச்சு இழுக்கும்போது உள்ள போய், அதுவும் சிதைஞ்சு பொலோனியமாகும், அப்புறம் ஈயமாகும்.”

“ஈயத்தோட நின்னுடுமா?”

“இந்த ஈயம் நிக்காது. பீட்டா சிதைவுல, உள்ள இருக்கற ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறி எலக்ட்ரானை வெளிய விடும். ஈயம் பிஸ்மத் ஆயிடும். கூடவே காமாக் கதிரும் வரும். அது மிச்ச சக்தி, அதனால அணு வேற ஒண்ணா மாறாது. இப்படி மாறி மாறி, கடைசியா வர்ற வேற வகை ஈயந்தான் அப்படியே நிக்கும். ஆல்ஃபாவைத் தோலே தடுத்துடும்கா. நுரையீரலுக்குள்ள தடுக்க என்ன இருக்கு? அங்க புத்துநோயே வரலாம்.”

அந்தப் பெண் கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

“முன்னாடி இதே அறையை அளந்தப்போ உங்க அண்ணன்கிட்ட எல்லாம் சொன்னோமே. அந்த வாயுவை வெளிய இழுக்கக் குழாய் வச்சு விசிறி போடுங்க, அதுவரைக்கும் யாரும் அங்க இருக்க வேண்டாம்னு. உடனே பட்டறையை மாத்திட்டாரே?”

பாபினக்கா திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். அண்ணன் பிள்ளைகள் விளையாட இறங்கி வந்தால், “அத்தைக்கு வேலை இருக்கு, மேல வாங்கடா” என்று அண்ணன் படிக்கட்டின் உச்சியில் நின்றே கூப்பிடுவார். பாபினக்கா குடிவந்த பிறகு ஒருநாளும் அவர் கீழே இறங்கியதில்லை. முழங்கால் வலி என்றுதான் இவர் நினைத்திருந்தார்.

நேரே கொட்டகைக்குப் போனார். “தெரிஞ்சுதான் கொடுத்தியாண்ணே?”

அண்ணன் இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை. “விசிறி போடலாம்னுதான் இருந்தேன், தள்ளிப்போச்சு. அப்ப நீ வேற எங்க போயிருப்ப?”

“அதை நான் யோசிச்சிருப்பேனே. யோசிக்கக்கூட விடலையே நீ! உன் பிள்ளைங்களை மட்டும் மேல கூப்பிட்டுக்கிட்ட.”

அந்த வாரமே வேறொரு தெருவில், சலவைக்கடை மாடியில் ஒரு சின்ன அறைக்குத் தையல் மெஷின் போனது. அதற்குப் பிறகு அண்ணன் குழாய் வைத்தார், விசிறி போட்டார், “இப்ப எல்லாம் சரியாயிடுச்சு, வந்துடு” என்று சொல்லி அனுப்பினார். இவர் போகவில்லை.

நுரையீரலில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷாவருஷம் வந்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். துணைக்கு வந்திருந்த சலவைக்கடைக்காரி திரும்பும் வழியில் கேட்டாள்: “கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையாக்கா?”

“ஒரு அண்ணன் இருந்தாரு.”

அவள் “ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்டினாள். பாபினக்கா திருத்தவில்லை.