அறுநூற்று ஒன்றாவது வாக்கியம்

பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் போன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை, கை ஒடிந்த நாற்காலி. ஆனாலும் டாக்டர்களே அவளிடம் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். எடுத்தெறிந்து பேசுகிறவரின் அழைப்பைச் சமையலறைக்குத் திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துவிடுவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. நோயாளி இறந்துவிட்டால் வீட்டாருக்குச் சொல்வது அவள் வேலை. எடுத்த எடுப்பில் சொல்லமாட்டாள். “பக்கத்துல யார் இருக்காங்க?” என்று கேட்பாள். யாரும் இல்லையென்றால், “பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடுங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்பாள். சொன்னபடி இருப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாடிப்படியில் நின்று போனை எடுத்த ஒருத்தியிடம் பட்டென்று போட்டு உடைத்துவிட்டு, அந்தப் பெண் உருண்டு விழுந்த சத்தத்தைக் கேட்டவள் அக்கா.

பிறகு, ஆளுக்குப் பதிலாகப் போனில் பேசும் இயந்திரம் வந்தது. “உங்க குரல்தான்க்கா வேணும்” என்றார் மேலாளர். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அறுநூறு வாக்கியம் வாசித்தாள். ‘நன்றி’ சொல்லும்போது சிரித்த முகமாகச் சொல்லச் சொன்னார்கள், சிரித்தாள். நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். யார்தான் படிக்கிறோம்? ‘பக்கத்துல யார் இருக்காங்க?’ என்ற தன்னுடைய கேள்வி அந்த அறுநூறில் இல்லை என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரம் அவளைப் பார்வையாளர் சீட்டுக் கொடுக்கும் கவுண்டருக்கு மாற்றினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நெற்றியில் கட்டுப் போட்ட பெண் ஒருத்தி சீட்டு வாங்க வந்தாள். அக்கா வாயைத் திறந்ததும் அவள் முகம் மாறியது.

“நீங்கதானே அப்பா போயிட்டாருன்னு சொன்னது? நான் வண்டி ஓட்டிட்டு இருந்தேன்.”

அக்கா நேரே மேலாளரிடம் போய், தன் குரலை எடுத்துவிடச் சொன்னாள். அவர், அவள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். குரல் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாம். மனுஷர் கெட்டவர் இல்லை. “உங்க கேள்வியை வேணும்னா சேர்த்துடலாம்க்கா. ஒரு வாக்கியம்தானே” என்றார்.

மறுபடி கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஏழு தடவை சொல்லிப் பார்த்து, எட்டாவது தடவைதான் அக்காவுக்குத் திருப்தியாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“யாரைப் பார்க்கணும் ஐயா?”

“என் சம்சாரத்தை. காலையில நீங்கதானேம்மா போன் பண்ணீங்க?”

“அது நான் இல்லீங்க. மெஷின்.”

அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. “பக்கத்துல யார் இருக்காங்கன்னு கேட்டீங்க. யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“நன்றின்னீங்க. அப்புறம் விஷயத்தைச் சொல்லிட்டீங்க.”

கேட்கச் சொன்னதை இயந்திரம் கேட்டிருக்கிறது. கிடைத்த பதிலை என்ன செய்வதென்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அந்தச் சிரித்த நன்றி அவள் காதுக்குள் கேட்டது. அவமானமாக இருந்தது.

“நான் உங்களைத் தப்பா ஒண்ணும் சொல்லலம்மா” என்றார் பெரியவர். “அவ்வளவு அக்கறையா கேட்டீங்களேன்னு, யாரையாவது அனுப்புவீங்கன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன்.”

வரிசையில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அக்கா கவுண்டரை மூடிவிட்டு வெளியே வந்து, அவரோடு நடந்தாள்.