கட்டிலுக்கு வந்த வால் நட்சத்திரம்

தொண்ணூற்றேழு பங்குனியில் பொழுது சாய்ந்தால் காரைக்குடியே மொட்டை மாடியில்தான் நின்றது. வடமேற்கே வால் நட்சத்திரம். என் மனைவி மட்டும் கட்டிலில் கிடந்தாள். முதுகெலும்பில் கேன்சர். மதுரையில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புரட்டிப் படுக்க வைத்தாலே அலறுகிறவளை எங்கே மாடிக்குத் தூக்குவது?

"ஊரே பாக்குது, நான் ஒருத்திதான் பாக்கல. ஒரு போட்டோவாச்சும் எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். வாய் திறந்து எதையும் கேட்கிற ரகம் இல்லை அவள்.

கல்லூரி வாத்தியார் ஒருவர் வேன் பிடித்து ஆட்களைக் கூட்டிப்போய், அதைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார் என்றார்கள். மச்சினனின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அதுவரை கேமராவைக் கையால் தொட்டது கிடையாது. மானகிரி தாண்டி, விளக்கே இல்லாத ஒரு பொட்டலில் இறக்கிவிட்டார்கள்.

வாத்தியார் பொறுமைசாலி. கேமராவை ஸ்டாண்டில் ஏற்று, லென்ஸை எட்டைப் படுக்கப்போட்ட குறிக்குத் திருப்பு, கேமராவில் மாட்டிய வயரின் நுனியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருபது எண்ணு. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்கு வரவில்லை. ஒரு தடவை ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். ஒரு தடவை எவனோ மொபெட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். "வேற வழியே கிடைக்கலையாடா உனக்கு?" என்று கத்தினேன். "சார், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எண்ணுங்க, திட்டாதீங்க" என்றார் வாத்தியார்.

அது பாட்டுக்கு வாலை விரித்துக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது, பாவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியாத அழகு எனக்கெதுக்கு? ரோல் தீரும்வரை எடுத்தேன்.

ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு நான்கு நாள் நடையாய் நடந்தேன். கடைசியில் ஸ்டுடியோக்காரர் பிலிமை மட்டும் நீட்டினார். "ஒண்ணும் விழுகல சார், எல்லாம் இருட்டு. உங்க காசு வீணாகுமேன்னு பிரிண்ட் போடல."

"ராத்திரி வானம் இருட்டா இல்லாம மஞ்சளாவாய்யா இருக்கும்?" நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். இன்னும் எத்தனை நாள் கண் திறந்து பார்ப்பாளோ என்ற பயம் எனக்கு. அது அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தார். ஒன்றே ஒன்றில் விழுந்திருந்தது. கறுப்புக்கு நடுவில், சுண்ணாம்பு விரலால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு தீற்றல்.

வீட்டுக்கு ஓடினேன். மாத்திரை மயக்கம் தெளியக் காத்திருந்து கையில் கொடுத்தேன். தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுதானா?"

"நேர்ல பெருசு புள்ள. எனக்கு எடுக்கத் தெரியல" என்றேன்.

"மறுபடி எப்ப வருமாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆகுமாம்."

அவள் யோசித்தாள். பிறகு மெல்ல முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அப்ப நீங்களும் பாக்க மாட்டீக."

"மாட்டேன் புள்ள."

அவள் சிரித்தாள். மதுரையிலிருந்து கூட்டிவந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.