கால் வாங்கினால் இடுப்பு ஃப்ரீ

"எடது காலா? இந்தாங்க, இதையே திருப்பிப் போடுங்க. அம்மைக்குத் தெரியாதா?" என்று தகட்டுக் காலைத் துணியில் துடைத்து நீட்டுகிறார் ஆவுடையப்பன். சங்கரன்கோவிலில் கோயில் வாசலில் நேர்த்திக்கடன் உருவங்கள் விற்பவர். பாம்பு, தேள், கண், கை எல்லாம் உண்டு. கால் மட்டும் ஒரே அச்சில் அடித்த வலது கால். இருபத்தெட்டு வருடமாக இந்த வட்டாரத்து இடதுகால் வலியெல்லாம் அவரிடம் வலதுகாலாகத்தான் தீர்ந்திருக்கிறது. இடுப்புவலிக்காரர்களிடம் இன்னும் தாராளம்: "இடுப்புன்னு தனியா அச்சு கெடையாது அண்ணாச்சி. கால் வாங்குங்க, இடுப்பு ஃப்ரீ."

இப்படிச் சொல்லுகிற மனிதரின் இடது இடுப்பு பிறந்ததிலிருந்தே வம்பு பிடித்தது. தொடையெலும்பின் பந்து கிண்ணத்துக்குள் உட்காராமல் மேலே ஏறிக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகிறது. ஐம்பத்தாறு வயதில் தேய்மானமும் சேர்ந்து, கடையிலிருந்து எழுந்திருக்க மனைவி முத்துமாரியம்மாளின் தோள் வேண்டியிருக்கிறது. கழிப்பறைக்கும் அந்தத் தோள்தான். அவமானத்தை வாயால் ஈடுகட்டுவார்: "மெதுவா ஏட்டி, நான் என்ன நெல்லு மூட்டையா?"

திருநெல்வேலி எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, கைவசமுள்ள செயற்கை இடுப்பு எதுவும் இவருக்குச் சேராது என்றார். கிண்ணத்தில் ஆழமில்லை, எலும்பின் உள்துளை ஒடுங்கித் திருகியிருக்கிறது, ஸ்கேன் எடுத்து இவர் அளவுக்கென்றே செய்ய வேண்டுமாம். அதைப் பொருத்திவிட்டால் குட்டையான இடது காலும் சமமாகிவிடுமாம். வியாபாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்க, நமக்கு ஒரு சைஸ் ஸ்டாக் இல்லியா?" பாவம் அந்த டாக்டர், மன்னிப்புக் கேட்டாராம்.

இடுப்பு செய்து வந்துவிட்டது. ஐயாதான் போய்ச் சேரவில்லை. ஆபரேஷனுக்குக் குறித்த முதல் தேதிக்கு ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் குறுக்கே வந்தது. இரண்டாவதற்குச் சந்திராஷ்டமம். மூன்றாவதற்கு மழை வரும்போலிருக்கிறது என்றார். சங்கரன்கோவிலில், மழை! பயம் என்ற ஒன்றைத் தவிர உலகத்துக் காரணம் எல்லாம் சொல்லியாயிற்று. அதையும் ஒருநாள் மனைவியிடம் உளறிவிட்டார்: "மயக்க ஊசி போட்டு முழிக்கலைன்னா என்ன செய்ய?"

கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் எப்சிபா போன் செய்தாள். "அண்ணாச்சி, இந்த மாசம் தாண்டுச்சுன்னா எலும்பு இன்னும் தேஞ்சு அளவு மாறிரும். பொறவு செஞ்சதெல்லாம் வீண்."

"அய்யய்யோ, வீணாக்காதீங்கம்மா. வரிசையில அடுத்து நிக்கிறவருக்குப் போட்டு விடுங்க. நான் அடுத்த பீஸ் எடுத்துக்கிடுதேன்."

"இது உங்களைத் தவிர யாருக்கும் சேராது அண்ணாச்சி."

போனை வைத்தார். நான்கு அண்ணன்மார் போட்டுக் கழித்த சட்டைகளில் வளர்ந்த மனிதர். கல்யாணத்துக்குக்கூட மூத்தவரின் சட்டைதான். தனக்கென்று அளவெடுத்து எவரோ ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார் என்பதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதெல்லாம் பத்து நிமிடம்தான். பிறகு பூக்கடை, தேங்காய்க்கடை என்று ஒருவரை விடவில்லை: "ஒலகத்துலேயே ஒண்ணுதான் இருக்கு வே. நம்ம பேரைப் பொறிச்சு வச்சிருக்கான்." பேர் பொறித்தது இவராகச் சேர்த்துக்கொண்டது.

"அப்ப பயம் போயிட்டா?" என்று கேட்டாள் முத்துமாரியம்மாள்.

"எங்கட்டி போச்சு? அதுவும் கூட வரட்டும். டிக்கெட்டா எடுக்கப்போறோம்?"

புறப்படுகிற காலையில் வாசற்படியில் உட்கார்ந்து இடது செருப்பைக் கையில் எடுத்தார். கால் குட்டையை ஈடுகட்ட, அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு டயர் ரப்பர் அடுக்கி ஆணி அடித்த செருப்பு.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்பப்போயி அதை ஏன் நோண்டுதீய?"

அவர் குறடால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ரப்பர் அடுக்கைச் சாக்கடையில் எறிந்தார். தட்டையாகிவிட்ட அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு, என்றைக்கும் இல்லாத அளவுக்கு இடப்பக்கம் சரிந்து சரிந்து, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.