எங்கள் வரிசைக்கு ஒரு லைன்

நேற்று காலை, சுங்கை பட்டாணி நகரத்துப் பாக்கார் ஆராங்கில் நான் இப்போது இருக்கும் மகன் வீட்டுக்கு இரண்டு இணையக் கம்பெனிகளின் ஆட்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஏற்கெனவே லைன் இருக்கிறது என்றாலும் விடவில்லை. மாறிக்கொண்டால் குடை தருவதாகச் சொல்லி, ஒருவர் என் கையிலேயே திணித்துவிட்டார். ஒரு லைனுக்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

குடையின் புது பிளாஸ்டிக் வாடை சரோஜாவை ஞாபகப்படுத்தியது. நான் முன்பு இருந்த புக்கிட் செலம்பாவில் எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். (எதையாவது எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) பக்கத்து வீட்டுச் சரோஜா கைப்பேசி நேரலையில் சேலை விற்பாள், வீடெல்லாம் உறைகளின் அதே வாடை. முந்தானையை விரிக்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். வாங்க வந்தவர்கள் அவளுடைய திறந்த வாயை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"லைன் வரலன்னா எஸ்பிக்கே போயிடுவேண்ணே. இங்க பொழைக்க முடியாது," என்றாள். சுங்கை பட்டாணியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

இணையக் கம்பி பெரிய சாலைவரை வந்திருந்தது. உள்ளே இழுக்கலாமா என்று பார்க்கக் கம்பெனி எத்தனை வீட்டுக்கு வேண்டும் என்று கணக்கெடுக்க ஓர் ஆளை அனுப்பியது. ஒரு வீட்டில் டிவி வாங்கினால் வரிசையே உட்கார்ந்து பார்த்த பழக்கம் எங்களுடையது. எதிர்வீட்டு மாரியண்ணன் சரோஜாவைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "இந்தப் புள்ள வீட்டுக்கு ஒண்ணு போடுங்க தம்பி, போதும்லா. பாஸ்வேர்ட நாங்க வாங்கிக்குவோம்."

எல்லாரும் தலையாட்டினோம். எண்ணுவதில் மன்னனான நானும்தான்.

மாதங்கள் போயின. கம்பி வரவில்லை. இதைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் புகார் செய்தேன். போனில் ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"அங்க்கிள், உங்க லோரோங்ல, அந்த வரிசையில, கேட்டது ஒரு வீடுதானே? ஒரு வீட்டுக்காக இழுக்கச் சொல்லி கம்பெனிய நாங்க கட்டாயப்படுத்த முடியாது."

பதினான்கு வீட்டுத் தேவையை நாங்களே ஒன்றாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

பிறகு வீட்டுக்கு வீடு தனித்தனியாக விண்ணப்பித்தோம். எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. சரோஜாவால் காத்திருக்க முடியவில்லை. சேலை மூட்டைகளோடு லாரி ஏறினாள். அவள் பின்னால் பிள்ளைகள் படிக்கும் வீடுகள், பிறகு மாரியண்ணன். கடைசியில் என் மகன் வந்து என்னையும் அழைத்துக்கொண்டான்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கம்பி வந்திருக்கிறது. வாசல்களில் புல் இடுப்பளவு. சரோஜா வீட்டு முன்னால் புதுத் தூண், அதில் கறுப்புப் பெட்டி. அண்ணாந்து எண்ணினேன். வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கப் பதினாறு துளைகள். பதினாறும் மூடி கழற்றாமல் இருந்தன.