வெயில் வந்தது, இன்வெர்ட்டர் வரவில்லை

அலுவலகத்தில் அவளுக்கு ‘அடுத்த வாரம் அக்கா’ என்று பெயர். மாடிகளில் சோலார் தகடு பொருத்தித் தரும் நிறுவனம் அது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. சரக்கு எப்போது வரும் என்று யார் கேட்டாலும், முதலாளி சொல்லிக் கொடுத்திருந்த ஒரே பதில் ‘அடுத்த வாரம்’தான். முதலில் நம்பிச் சொன்னாள், பிறகு வாய் பழகிப்போய்ச் சொன்னாள். கடைசியில் சொந்த மாமியாரிடமே சொல்லும்படி ஆயிற்று. அவள் வீட்டு மாடியிலும் தகடுகள் ஏறியிருந்தன. அந்த மின்சாரத்தை விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் மட்டும் வந்தபாடில்லை.

“துணி காயப்போட்ட இடமும் போச்சு. அந்தக் கண்ணாடி மேலயே தலையணை உறையைப் போட்டுக்கட்டுமா?” என்றார் மாமியார்.

“போட்டுக்கங்க அத்தை. அதுக்காவது உதவட்டும்.”

வீட்டில் இப்படி மழுப்பிவிடலாம். அவர்கள் நிறுவனமே தகடு பொருத்தியிருந்த டயாலிசிஸ் நிலையத்தில் அது நடக்காது. எல்லா மருத்துவமனைகளும் டீசலை விட்டுச் சோலாருக்கு மாறியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தகடு ஒரு நாட்டிலிருந்தும் பேட்டரி இன்னொரு நாட்டிலிருந்தும் வந்து சேர்ந்துவிட்டன. இன்வெர்ட்டர் வர வேண்டிய மூன்றாவது நாடுதான் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. யானையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை.

மின்சாரம் போகும்போதெல்லாம் பழைய ஜெனரேட்டர்தான் உறுமியது. புகை நேராகச் சிகிச்சை அறைக்குள் வரும். தலைமை நர்ஸ் உடனே இவளைக் கூப்பிடுவார்.

“மாடிக்குப் போனா தகடு பளபளன்னு கண்ணு கூசுது. கீழ வந்தா புகை. கையில ஊசியோட மெஷின்ல படுத்திருக்கிறவங்க எழுந்து ஜன்னலை மூட முடியுமா? நான்தான் ஓடி ஓடி மூடுறேன். இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க, எப்ப வரும்?”

உண்மை அவளுக்கே தெரிந்தால்தானே. முதலில் அங்கே தொழிற்சாலையில் சிப் தட்டுப்பாடு என்றார்கள். அது தீர்ந்ததும் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். பிறகு வழியில் எங்கோ சண்டை, கப்பல் சுற்றிக்கொண்டு வருகிறது என்றார்கள். எல்லாம் கடந்து வந்த பெட்டியை நம் துறைமுகத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பெட்டியில் இருந்த எண்ணும் காகிதத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை.

ஒருவழியாகப் பெட்டி வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவளே எலெக்ட்ரீஷியனோடு நிலையத்துக்குப் போனாள். இணைப்புக் கொடுத்ததும் திரை ஒளிர்ந்தது. நர்ஸ் கை தட்டப் போனார். அதற்குள் திரை ஒரு ரகசிய எண்ணைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றது.

எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “இதை அங்க இருந்து கம்பெனிக்காரங்க திறந்து விட்டாத்தான் ஓடும், அக்கா.”

“வாங்கினது நாமதானே?”

“பெட்டி நம்மதுதான். சாவி அவங்ககிட்ட இருக்கு.”

நிலையத்து வராந்தாவில் நின்று வெளிநாட்டு எண்ணை அழைத்தாள். பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது இயந்திரக் குரல். திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான், ஆனாலும் விஷயம் புரிந்தது. அந்த ரகசிய எண்ணை உண்டாக்குவது இவர்கள் கம்பெனி இல்லையாம், வேறொரு நாட்டுக் கம்பெனியாம். எழுதிப் போட்டிருக்கிறார்களாம், பதில் இல்லையாம்.

“எப்ப வரும்?”

“அடுத்த வாரம்,” என்றாள் அந்தப் பெண்.

இவள் அடுக்கி வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் குரலின் அலுப்பு அவளுக்கு அவ்வளவு பழக்கமானது.

“நானும் இங்க இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்காக வேணாம். இங்க ஆளுங்க மெஷின்ல படுத்துக்கிட்டுப் புகையைக் குடிக்கிறாங்க,” என்றாள்.

பிறகு அந்தப் பெண் இவளுடைய கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரைப் பிடித்தாளோ, எப்படிக் கெஞ்சினாளோ, மறுநாள் மதியம் ரகசிய எண் வந்தது. இன்வெர்ட்டர் ஓடியது. மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் சத்தமில்லை. நர்ஸ் ஜன்னல்களை விரியத் திறந்து வைத்துவிட்டு, இவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. முதலாளி புதிதாக ஒரு பிரசவ மருத்துவமனை வேலையைப் பிடித்து வந்திருந்தார்.

“இன்வெர்ட்டர் கையில வராம இனி மாடியில ஒரு தகடும் ஏற வேண்டாம், சார். அப்படி ஏத்தினா போனை நீங்களே எடுத்துக்கங்க,” என்றாள்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்த போன்களை எடுப்பதை நினைத்தபோது கோபம் இறங்கிவிட்டது. “சரி, உள்ளூர்ல யாராவது செய்றாங்களான்னு நீயே பாரு,” என்றார்.

விசாரித்ததில் ஊர் எல்லையில் ஒரு சின்னத் தொழிற்சாலை கிடைத்தது. நேரில் போனாள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து இன்வெர்ட்டர் பாகங்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு, ரகசிய எண் எதுவும் கிடையாது என்றார் மேலாளர். பழுதானால் அன்றைக்கே ஆள் அனுப்புவாராம். கேட்கக் கேட்க அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

“அப்ப எல்லாமே இங்கேயே செய்றதா?”

“எல்லாமே இங்கதான், மேடம்,” என்று சொல்லிவிட்டு மேலாளர் லேசாக இருமினார். “உள்ள வைக்கிற சிப் மட்டும் கப்பல்ல வரணும்.”

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

“இப்ப கையில இருக்கிற சிப்பு ஒரு ஆஸ்பத்திரிக்குக் காணுமா?”

“காணும்.”

“அதை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க,” என்று சொல்லிவிட்டு, முதலாளியைக் கூப்பிட போனை எடுத்தாள்.