அந்தூரியத்தின் ஊர்

திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போதே காவலர் சொன்னார்: "சார், நம்ம ராஜாத்தி அக்கா தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம், ஹார்ட் அட்டாக்." உள்ளே போய் உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை.

ராஜாத்தி அம்மாள் பெங்களூரில் அல்சூர் பக்கம் உள்ள எங்கள் அலுவலகத்தின் செடிகளைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. சேலத்துக்காரனான நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். அல்சூரை ஒட்டியுள்ள "ஜோகுபாளையம்" என்றார். தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று விடாமல் கேட்டேன்.

"எங்க தாத்தாவே இங்கதான் சார் பொறந்தாரு. இல்லாத ஊரை நான் எங்க போய்த் தேடுறது?"

அடுத்த மாதம் வரவேற்பறைக்கு இருபது தொட்டிகளில் சிவப்புப் பூச்செடிகள் வந்தன. பெயர் அந்தூரியம் என்று வாசித்துக் காட்டினேன்.

"அந்த ஊருன்னா எந்த ஊரு?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது; கோபத்தில் 'சும்மா'கூடக் கன்னடத்தில்தான் வரும். "சும்னே சிரிக்காதீங்க சார். ஊரு தெரிஞ்சாத்தானே அதுக்கு என்ன வேணும்னு தெரியும்?"

செல்போனில் தேடிப் படித்துச் சொன்னேன்: தென் அமெரிக்க மழைக்காடு. பெரிய மரங்களின் நிழலில், பட்டையைப் பற்றிக்கொண்டு வளரும். வேருக்குக் காற்றும் ஈரமும் வேண்டும், நேர் வெயில் ஆகாது. "அப்போ மண்ணுல மூச்சு முட்டுது, பாவம்" என்றவர், அன்றே மண்ணைக் கொட்டிவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டுகளும் கரியும் நிரப்பினார். அதன்பிறகு பூ இல்லாமல் அந்த வரவேற்பறை இருந்ததில்லை.

பிறகு நான் செய்த காரியம். மகளின் பிரசவத்துக்காக அவர் ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். தலைமை அலுவலகத்து ஆட்கள் வருவதாக இருந்தது. வெயில் பட்டால் பூ நிறைய வரும் என்று தொட்டிகளை மொட்டைமாடியில் வைத்தேன். ஏப்ரல் வெயில். நான்கே நாளில் இலையெல்லாம் கருகிவிட்டது. மேலாளர் கேட்டபோது, "அந்தம்மா சரியாகக் கவனிக்கவில்லை" என்றேன். வாய் கூசவில்லை.

வரவேற்பறைக்குப் பிளாஸ்டிக் பூ வந்தது. ராஜாத்தி அம்மாளைத் தரை துடைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குப்பைக்குப் போக இருந்த செடிகளை எடுத்து, கேன்டீனுக்குப் பின்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் தேங்காய் நாரால் கட்டினார். தேநீர் இடைவேளையில் தண்ணீர் தெளித்துவருவார். என்ன இது என்று கேட்டேன்.

"அதோட ஊருக்கே அனுப்பிட்டேன் சார்."

செய்தி கேட்ட திங்கள் மதியமே ஜோகுபாளையம் போனேன். அவரைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, அவர் மகளிடம் சொன்னேன்: "அந்தச் செடிகளைக் கருக்கியது நான்தாம்மா."

"தெரியும் சார். அம்மா அன்னைக்கே சொல்லிச்சு. வாயைத் திறக்காதேன்னுச்சு. 'நமக்கு இது சொந்த ஊரு, எந்த வேலை செஞ்சாவது பொழைச்சுக்கலாம். அவரு வெளியூர்க்காரரு, வேலை போச்சுன்னா எங்க போவாரு?'ன்னுச்சு."

அழுதுவிட்டேன். மறுநாள் நடந்ததை மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை மரத்தில் நான்கு பூக்கள். தண்ணீர் நான்தான் தெளித்தேன். போய் வாருங்கள், ராஜாத்தி அம்மா. உங்கள் ஊரில் எனக்கு இடம் கொடுத்தீர்கள்.